பூனைக்குக் கழித்த ஈரம்

பூனைக்குச் சீனி வியாதி வரும் என்று சொன்னால் இன்றைக்கும் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அன்றைக்கு நானே நம்பவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காம்பரா என்கிற இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, அந்த அலமாரியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற டாக்டரய்யா, அவ்வளவுதான். ஆட்கள் குடியிருக்கிற லயங்களில் வலி கண்ட பொம்பளைகளிடம் ஓடுவது என் வேலை. இதில் பூனை எங்கிருந்து வந்தது என்றால், பங்களாவிலிருந்து வந்தது.

தோட்டத்துப் பெரிய துரையின் பெண்சாதியை நாங்கள் துரைசாணி என்போம். அன்றைக்கு வாய் நிறைய 'ங்க' போட்டுத்தான் அவர்களிடம் பேசினேன். இப்போது யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை, அதனால் அவன் அவள் என்றே எழுதுகிறேன். அவள் ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை வைத்திருந்தாள். அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. என் நாக்கில் அது ஒருநாளும் ஏறவில்லை. அந்தப் பூனை ஒரு ஆள் சாப்பாடு சாப்பிட்டது, வாளித் தண்ணீரைக் குடித்தது, கம்பளம் கம்பளமாக மூத்திரம் பெய்தது, ஆனாலும் எலும்பும் தோலுமாகத்தான் கிடந்தது. நுவரெலியாவிலிருந்து மிருக வைத்தியரை வரவழைத்துக் காட்டினார்கள். அவர் இது சீனி வியாதி, மனுசருக்குப் போடுகிற இன்சுலினையே துளியூண்டு போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஊசி போட ஆள் வேண்டுமே. டாக்டரய்யா பூனையைக் கண்டால் இரண்டு மேசை தள்ளி நிற்கிற மனுசர். "நேர்ஸம்மாவுக்குத்தான் கை நிதானம்" என்று என்னைப் புகழ்ந்து, என் தலையில் கட்டிவிட்டார். இருபது வருசம் என் கையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர் அவர்.

துரைசாணிக்குத் தமிழ் தெரியும். துரைமார் தோட்டத்தில் பழகுகிற தமிழ் அது, அதட்டுவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆனால் அவள் அதை அழுதுகொண்டே பேசினாள். "நீ ஊசி போடு. இந்தப் பூனை போனா எனக்கு இங்க ஒண்ணும் இல்லை. நீ தெரியுதா?" என்றாள். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த மலையுச்சிப் பங்களாவில் அவளோடு பேச அந்தப் பூனையை விட்டால் துரைதான் இருந்தான். அவனோடு பேசுவதற்குப் பூனையோடு பேசலாம்.

ஆக, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போனதும் நான் பங்களாவுக்கு ஏறுவேன். சமையல்காரன் மாட்டு ஈரலை வேகவைத்துப் பொடியாக நறுக்கி வைத்திருப்பான். டவுனில் இறைச்சிக்கடை பாய் அந்த ஈரலைக் கொடுத்து அனுப்பும்போது "ஆருக்குங்க சொகமில்ல?" என்று கேட்பாராம். பூனைக்கு என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, துரைசாணிக்கு என்று சமையல்காரன் சொல்லிவிட்டிருக்கிறான். பாய் அவளுக்காகத் தொழுகையில் துஆக் கேட்டாராம். முதலில் பூனை சாப்பிட வேண்டும். அது தட்டை நக்கி முடித்த பிறகுதான் ஊசி. சாப்பிடாத வயிற்றில் போட்டால் சீனி தரைக்கு இறங்கி ஆள் காலி. மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிட்ஜில் வெண்ணெய்க்கும் துரையின் பியர் போத்தலுக்கும் நடுவில் மருந்துக் குப்பி இருக்கும். அதைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்ட வேண்டும். அப்புறம் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி, இரண்டு யூனிட். பூனைக்குக் கொழும்பிலிருந்து புத்தம் புது ஊசி வந்தது. எங்கள் ஆஸ்பத்திரி ஊசிகளை நான் கல்லில் தீட்டித் தீட்டி ஆட்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூத்திரம் பிடிப்பது இன்னொரு கூத்து. இனாமல் தட்டில் கூழாங்கல்லைப் பரப்பி வைத்துவிட்டு நான் ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம் உட்கார்ந்திருப்போம். அது என்னைப் பார்க்கும், நான் சுவரைப் பார்ப்பேன். பிடித்ததை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினால், சீனி இருந்தால் செங்கல் நிறம், இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். தோட்டத்தில் எத்தனையோ பொம்பளைகள் மாசமாக இருந்தார்கள். ஒருத்தியின் மூத்திரத்தையாவது காய்ச்சிப் பார் என்று எந்தத் துரையும் என்னிடம் சொன்னதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்தக் கோபத்தையெல்லாம் முதலில் பூனைமேல்தான் காட்டினேன். போடா, வாடா என்று திட்டிக்கொண்டேதான் ஊசி போடுவேன். அது என் மணிக்கட்டை நக்கும். மானமில்லாத ஜென்மம்.

மருந்து சரியாகப் போகிறதா என்று பார்க்க, வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். துரைசாணி என் ஆஸ்பத்திரித் தராசைக் கேட்டாள். "அது பச்சப் புள்ளைகள நிறுக்கிறதுங்க. அதுல பூனைய வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன், போகவில்லை. தோட்டத்தில் மிச்சம் இருந்தது ஒரே தராசு, கொழுந்து மடுவத்தில் தொங்குகிற தராசு. பொம்பளைகள் பறித்துக்கொண்டு வருகிற கொழுந்தைக் கூடையோடு அந்தக் கொக்கியில் மாட்டி நிறுப்பார்கள். அதனால் சனிக்கிழமைதோறும் பங்களாத் தோட்டக்காரன் பூனையைச் சாக்கில் போட்டு, துரைசாணியின் பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு மடுவத்துக்கு இறங்குவான். கணக்குப்பிள்ளை நிறுத்துச் சொல்கிற றாத்தலைக் கேட்டுக்கொண்டு வந்து பங்களாவில் சொல்வான்.

நல்ல வெயில் காலத்தில் முதல் எடை ஆறு றாத்தல். பூனை தேறிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிப்பது குறைந்தது, கம்பளங்கள் காய்ந்தன, ஒருநாள் திரைச்சீலையில் ஏறித் துரையின் தலையில் குதித்தது. எனக்கு அன்றைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அதற்குள் மழை இறங்கிவிட்டது. ஆனால் எடை மட்டும் ஆறு. அடுத்த சனிக்கிழமையும் ஆறு. துரைசாணி போனில் வைத்தியரைக் கூப்பிட்டாள். எடை ஏறாவிட்டால் மருந்து பற்றவில்லை, கூட்டு என்றார் அவர். பூனையை மறுபடி வந்து பார்க்காமலே சொன்னார். மூன்று யூனிட் ஆயிற்று. அப்போதும் ஆறு. நாலாக்கச் சொன்னார்.

"மூத்திரம் நீலமாத்தான் இருக்குதுங்க. இதுக்கு மேல கூட்டுனா தாங்காதுங்க" என்றேன்.

"டாக்டர் சொல்றது நீ செய்," என்றாள் துரைசாணி.

செய்தேன். இரண்டாம் நாள் காலை ஊசி போட்டுவிட்டுச் சமையலறையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறேன், பூனை கள்ளுக் குடித்தவன் மாதிரி சுவரில் மோதி மோதி வருகிறது. என் காலடிக்கு வருவதற்குள் விழுந்து கால்கள் வெட்டி இழுக்கத் தொடங்கிவிட்டது. சீனி தரைக்கு இறங்கிவிட்டது என்று தெரிந்தது. சமையல்காரன் துரையின் அப்பத்துக்கு வைத்திருந்த இனிப்புக் கித்துள் பாணியை விரலில் தோய்த்து, பூனையின் ஈறில் தேய்த்தேன். கடித்தது. கடிக்கட்டும் என்று மறுபடி தேய்த்தேன். துரைசாணி தரையில் உட்கார்ந்து இங்கிலீஷில் அழுதாள், நான் தமிழில் பூனையைத் திட்டிக்கொண்டே அழுதேன். கொஞ்ச நேரத்தில் அது தலையைத் தூக்கி என் விரலை நக்கிற்று. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்த மூதேவியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

சத்தம் கேட்டுத் துரை வந்தான். பூனையைப் பார்த்தான், பாணிக் கிண்ணத்தைப் பார்த்தான். அவனுக்கு இரண்டுமே நட்டம்தான். இந்த மிருகத்தை இப்படி வதைக்கக் கூடாது, வருகிற சனிக்கிழமை நானே மடுவத்துக்கு வருவேன், அப்போதும் எடை ஏறவில்லை என்றால் துவக்கை எடுப்பேன் என்றான். துரைசாணி பூனையை மடியில் போட்டுக்கொண்டாள். அவன் சொன்னதைச் செய்கிற ஆள். அதற்கு முன்னால் அவனுடைய கிழட்டு நாயை அவனே சுட்டிருக்கிறான்.

எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. தூக்கினால் பூனை கனக்கிறது. இடுப்பெலும்பு சதைக்குள் போய்விட்டது. சீனியும் இறங்கிவிட்டது. தராசு மட்டும் ஆறு என்கிறது. மறுநாள் துரைசாணியிடம் சொன்னேன்: "நான் ரெண்டு யூனிட்டுக்கு மேல போட மாட்டேங்க. தராசுலதான் ஏதோ கோளாறு. சனிக்கெழம நீங்களே வந்து முள்ளப் பாருங்க."

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து பளிச்சென்று வெயில். அந்தி நிறுவைக்குப் பொம்பளைகள் கூடையோடு மடுவத்துக்கு வந்து வரிசையில் நின்ற பிறகுதான் மழை பிடித்தது. துரை வந்தான். துரைசாணி குடை பிடித்துக்கொண்டு பூனைச் சாக்கைத் தானே தூக்கி வந்தாள். நான் பின்னால். கணக்குப்பிள்ளை கெட்ட மனுசனில்லை, ஆனால் தராசு முன்னால் நின்றால் மனுசனும் இல்லை. சாக்கைக் கொக்கியில் மாட்டினான். முள் ஆடி ஒன்பதில் நின்றது.

"ஆறு," என்று கூவினான்.

துரைசாணி முள்ளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ஏ, நீ குருடா? அது ஒம்போது."

"ஆமாங்க தொரைசாணி. சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு. மிச்சம் ஆறுங்க."

"என்னா ஈரம்? பூனை ஈரம் இல்லை. நீ தொட்டுப் பாரு. குடைக்குள்ள வந்தது."

"பூனை காஞ்சுதாங்க இருக்கு. நாளு மழ நாளுங்க. மழ நாள்ல ரெண்டு றாத்தல் ஈரத்துக்குப் போயிரும்."

"பூனைக்கு ஏன் போறது?"

கணக்குப்பிள்ளைக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவன் வாழ்நாளில் அந்தத் தராசில் ஏறிய எதையும் கழிக்காமல் விட்டதில்லை. "தராசுல ஏறுனா கழிக்கணுங்களே. தொரை உத்தரவு," என்றான்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நனைந்தால் கூட நிறுக்கும் என்று கொழுந்துக்கு ஈரம் கழிப்பது எனக்குத் தெரியாதா? தோட்டத்துக் குஞ்சு குருமானுக்கும் தெரியும். ஆனால் பூனைக்கும் கழிப்பான் என்று புத்தியுள்ள எவளுக்குத் தோன்றும்? வெயில் காலத்தில் சாக்குக்கு மட்டும் கழித்தான், ஆறு வந்தது. மழை இறங்கியதும் பூனை ஏற ஏற, இவன் சாரலுக்கு ஒன்று, அடைமழைக்கு இரண்டு என்று கழித்துக்கொண்டே போயிருக்கிறான். அந்த ஆறைக் கேட்டுத்தான் நான் ஊசியைக் கூட்டிக் கூட்டிப் பூனையைச் சாவின் வாசல்வரை கொண்டுபோயிருக்கிறேன்.

துரையின் முகம் காதுவரை சிவந்தது. "பூனைக்கிக் கழிக்க வாணாம்," என்றான்.

வரிசையில் முதலாவதாக நின்றவளின் மூன்று பிள்ளைகளையும் இந்தக் கையால்தான் எடுத்தேன். வாய் திறந்து அதிகம் பேசாதவள். "அப்ப கொழுந்துக்குங்க, தொரை?" என்றாள். "வெயில்ல எடுத்த கொழுந்துங்க. மழ இப்பத்தானே விழுகுது. நேத்து ரெண்டு றாத்தல் கொறஞ்சு எனக்கு அரப்பேருதான் போட்டாங்க."

அரைப்பேர் என்றால் நாள் முழுக்க மலையில் நின்றதற்குப் பாதி நாள் கூலி. துரை திரும்பி நின்று மலையைப் பார்த்தான். துரைசாணி பூனையைச் சாக்கிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தராசின் பக்கத்தில் போய் நின்றாள்.

"கூடை போடு," என்றாள்.

போட்டார்கள்.

"இருவது. கூடைக்கி எத்தனை?"

"ரெண்டுங்க," என்றான் கணக்குப்பிள்ளை, துரையின் முதுகைப் பார்த்துக்கொண்டே.

"பதினெட்டு. நீ எழுது."

கடைசிக் கூடைவரை அப்படியே நின்று அவளே கூவினாள். அவளுடைய கொச்சைத் தமிழில் அந்த எண்களைக் கேட்க எனக்குத் தேவாரம் கேட்ட மாதிரி இருந்தது. துரைக்கு ஆட்களிடம் இருந்த வீரம் பெண்சாதியிடம் கிடையாது. அவன் பங்களாவுக்கு ஏறிப் போனான். துவக்கைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

திங்கட்கிழமை துரைசாணி மடுவத்துக்கு வரவில்லை. ஈரம் மறுபடி கணக்கில் வந்துவிட்டது. அன்றைக்கு மழைகூட இல்லை, சும்மா ஒரு மூட்டம். அந்திக்கு அந்த மூன்று பிள்ளைக்காரி ஆஸ்பத்திரிக்கு வந்து, இருமல் என்று சொல்லிவிட்டு இருமாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நேர்ஸம்மா, பூனைய மறுபடி எப்ப நிறுப்பாங்க?"

"சனிக்கெழம."

"தெனமும் நிறுத்தா பூனைக்கு ஆகாதுங்களா?"

அவளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். மறுநாள் காலை மருந்துக் குப்பியை உருட்டிக்கொண்டே துரைசாணியிடம் சொன்னேன், எடை தப்பாக வந்துதானே பூனை சாகப் பார்த்தது, இனி மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரிய வேண்டுமானால் தினமும் அந்தி நிறுவையில் நிறுக்க வேண்டும், நீங்களே நின்று முள்ளைப் பார்க்க வேண்டும், மற்றவர்களை நம்ப முடியாது என்று. வைத்திய சாஸ்திரத்தில் இப்படி ஒரு விதியும் கிடையாது. இன்னும் பத்துத் தடவை சொல்லச் சொன்னாலும் இதே முகத்தோடு சொல்வேன்.

அன்றிலிருந்து தினமும் அந்தியில் பூப்போட்ட குடை மடுவத்துக்கு இறங்கும். பூனையை முதலில் நிறுக்க விட மாட்டார்கள் பொம்பளைகள். "அது பயப்படுதுங்க, கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லிச் சொல்லி அதைக் கடைசியாகத்தான் கொக்கியில் ஏற்றுவார்கள். அதுவரை துரைசாணி நின்றுகொண்டிருப்பாள், அவள் நிற்கும்வரை கணக்குப்பிள்ளையின் வாயில் ஈரம் என்ற சொல் வராது. இது அவளுக்குத் தெரிந்துதான் நடந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவளுக்கும் பங்களாவை விட்டு இறங்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. போகப் போக யார் வீட்டில் எத்தனை பிள்ளை என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பூனைக்குத் தோட்டத்தில் கிடைத்த மரியாதை கோயில் மாட்டுக்கும் கிடைத்திருக்காது. ஓடையில் பிடித்த மீனை முள்ளெடுத்து அவித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நெத்திலிக் கருவாட்டை உப்புப் போகக் கழுவி என்னிடம் காட்டி, இது ஆகுமா என்று கேட்டார்கள். சீனி, பால் டின், பொங்கல் எதுவும் அதன் வாயில் படக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒரு குழந்தை மிட்டாயை நீட்டியதற்கு அதன் அம்மா முதுகில் வைத்தாளே ஒன்று. "பூனைக்கு ஒண்ணுன்னா நீயாடி கொழுந்து எடுக்கப்போற?" என்று கேட்டாள். இரண்டே யூனிட்டில் பூனை பத்து றாத்தலைத் தொட்டது. சாக்குப் போகப் பத்து என்று துரைசாணி கூவிய அன்றைக்கு மடுவத்தில் கைதட்டினார்கள்.

அந்த மழை போய், அடுத்த மழையும் போயிற்று. அதற்கடுத்த மார்கழிப் பனியில் பூனை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. சாப்பிடாமல் ஊசி இல்லை, ஊசி இல்லாமல் சீனி ஏறும். ஏறியது. லயத்திலிருந்து வந்த மீனைக் கரைத்து ஊட்டினேன், பாய் அனுப்பிய ஈரலை நானே மென்று ஊட்டினேன். துப்பிவிட்டது. வைத்தியர் இந்தமுறை நேரில் வந்து பார்த்துவிட்டு, மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய் போய்விட்டது, வயசும் ஆகிவிட்டது என்றார். இரண்டு நாளில் துரைசாணியின் மடியிலேயே போய்விட்டது.

பங்களாவின் பின்னால் குழி வெட்டினார்கள். கொழுந்து எடுக்கப் போன பொம்பளைகள் கங்காணி கத்தக் கத்த மலையை விட்டு இறங்கி வந்து நின்றார்கள். சிலர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தேம்பினார்கள். துரைசாணி அதைப் பார்த்து இன்னும் அழுதாள். தன் துக்கத்துக்கு இத்தனை பேர் அழுகிறார்களே என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் அந்தியில் சாரல். குடை இறங்கவில்லை. "ஈரத்துக்கு ரெண்டு," என்று கணக்குப்பிள்ளை தொடங்கிவிட்டான். நான் பொறுக்க மாட்டாமல் பங்களாவுக்கு ஏறினேன். பூனை இல்லாவிட்டாலும் நீங்கள் வந்து ஒரு நிமிசம் நின்றால் போதும் என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கொழுந்து தொரை வேலை. நான் சொல்ல முடியாது. நான் பூனைக்கித்தான் வந்தது," என்றாள். அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் இறங்கி வந்தேன்.

மடுவத்துக்குக் கீழே பாதையில் அந்த மூன்று பிள்ளைக்காரி வெற்றுக் கூடையோடு காத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் பங்களாவில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

"தொரைசாணி வேற பூன வளக்க மாட்டாங்களா, நேர்ஸம்மா?"

"வளத்தாலும் வளப்பாங்க. அதுக்கும் சீனி வரணுமேடி."

அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"மாரியம்மனுக்கு நேந்துக்கிறோங்க," என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.